கசியும் சிலிண்டரை என்ன செய்வது? பழைய கிரேடர்களின் ஹைட்ராலிக் பராமரிப்பு குறித்த ஒரு மதிப்பாய்வு

கிரேடர் செய்யும் வேலை நுணுக்கமானது. பிளேடின் ஒரு முனை ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்தாலே மட்டம் கெடும்; மழைநீர் வடிய வேண்டிய சரிவு தவறும்; போட்ட ரோடு அடுத்த மழைக்குத் தாங்காது. அந்தப் பிளேடைத் தூக்கவும் தாழ்த்தவும் பக்கவாட்டில் நகர்த்தவும் சாய்க்கவும் ஹைட்ராலிக் சிலிண்டர்கள்தான் இருக்கின்றன. முன்சக்கரம், ஸ்டீயரிங், நடுவில் மடியும் சட்டம் ஆகியவற்றையும் சேர்த்தால் ஒரு கிரேடரில் சாதாரணமாகப் பத்துக்குக் குறையாத சிலிண்டர்கள் உண்டு. முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைத்த வண்டியில் இவை ஒன்றன்பின் ஒன்றாகக் கசியத் தொடங்கும்போது உரிமையாளரும் மெக்கானிக்கும் சாலைத் துறைப் பொறியாளரும் ஒரே கேள்வியைத்தான் சந்திக்கிறார்கள். சீல் மாற்றினால் போதுமா? ராடையும் புதுப்பிக்க வேண்டுமா? முழு சிலிண்டரையே மாற்றுவதா? அல்லது எண்ணெய் ஊற்றிக்கொண்டே ஓட்டுவதா?

இதற்குத் தொழிலில் இருப்பவர்கள் தரும் விடைகள் பல. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில், ஒரு சூழலில் சரியாக இருந்தவைதான். அவை எங்கிருந்து வந்தன, எந்த இடத்தில் பலவீனப்படுகின்றன, எவை இன்னும் முடிவாகவில்லை என்று தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோல் வளையத்திலிருந்து தொடங்கிய வரலாறு

1795-இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை பெற்றார். நகரும் தண்டைச் சுற்றி நீர் கசிவதே அவருக்குப் பெரிய தடையாக இருந்தது. அவரிடம் பணிபுரிந்த ஹென்றி மாட்ஸ்லே, கிண்ண வடிவில் வளைத்த தோல் வளையத்தால் அதைத் தீர்த்ததாகக் கூறப்படுகிறது. உள்ளே அழுத்தம் ஏற ஏற அந்த வளையத்தின் உதடு விரிந்து தண்டை இறுகப் பற்றும். இன்றைய யு-கப் சீல் வேலை செய்வதும் இதே தத்துவத்தில்தான்.

அடுத்த பெரிய மாற்றம் செயற்கை ரப்பரோடு வந்தது. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன், பள்ளத்தில் அமரும் ஓ-ரிங்குக்கு 1939-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். நைட்ரைல் ரப்பர், டெஃப்லான், பிறகு பாலியூரித்தேன் என்று பொருள்கள் மாறின. இடைக்காலச் சிலிண்டர்கள் பலவற்றில் வி-வடிவ வளையங்களை அடுக்கி, மேலே கிளாண்டை, அதாவது ராடு வெளிவரும் முனையின் மூடியை, இறுக்கும் அமைப்பு இருந்தது. கசிந்தால் கிளாண்டை இன்னும் கொஞ்சம் முடுக்கினால் நிற்கும். கசிவு என்றால் இறுக்கு, இல்லையேல் பேக்கிங்கை மாற்று என்ற பட்டறைப் பழக்கம் அந்த அமைப்பிலிருந்து வந்தது. அமைப்பு மாறிய பிறகும் பழக்கம் மாறவில்லை.

கிரேடர் ஹைட்ராலிக்குக்கு வந்தது ஒரே நாளில் அல்ல. கேட்டர்பில்லர் நிறுவனம் 1928-இல் ரஸல் கிரேடர் கம்பெனியை வாங்கி, 1931-இல் ஆட்டோ பேட்ரோல் என்ற, சொந்த எஞ்சினில் ஓடும் கிரேடரைக் கொண்டுவந்தது. அதிலும் அதன் வழிவந்த வண்டிகளிலும் பிளேடை நகர்த்தியவை பல்சக்கரங்களும் தண்டுகளும்தான். கேலியன், ஆஸ்டின்-வெஸ்டர்ன் போன்ற போட்டியாளர்கள் ஹைட்ராலிக் பக்கம் முன்னரே திரும்பினர். 1973-இல் வந்த கேட்டர்பில்லரின் ஜி வரிசையில் கட்டுப்பாடுகள் ஹைட்ராலிக் ஆயின. 12ஜி, 140ஜி போன்ற அந்த வரிசை வண்டிகளை இன்றும் பல நாடுகளில் ஓட்டுகிறார்கள். இந்தியாவில் பெமல் நிறுவனத்தின் பிஜி605 கிரேடரும் இதே வகைப் பராமரிப்பைக் கேட்பதுதான். ‘பழைய கிரேடர்’ என்று இங்கே குறிப்பது இந்தத் தலைமுறை வண்டிகளையே.

பிளேடு தானாக இறங்குகிறது: பிஸ்டனா, வால்வா?

உயர்த்தி வைத்த பிளேடு அரை மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கிவிடுகிறது. ஆனால் வெளியே ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. பழைய கிரேடரில் மிகப் பரவலான இந்தக் குறை பற்றித்தான் கருத்து வேறுபாடும் அதிகம்.

முதல் தரப்பு பிஸ்டன் சீலைக் குறை சொல்லும். சீல் தேய்ந்தால் எண்ணெய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும், பாரம் இறங்கும் என்பது அதன் வாதம். இரண்டாம் தரப்போ, இரண்டு போர்ட்டும் அடைபட்ட சிலிண்டரில் பிஸ்டன் சீலே இல்லாவிட்டாலும் பாரம் இறங்காது, எண்ணெய் வெளியேற வழி வேண்டுமே, ஆகவே குறை வால்வில்தான் என்று மறுக்கும். இரண்டும் பாதி உண்மை. பாரம் ராடை எந்தத் திசையில் செலுத்துகிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

சிலிண்டரின் உள்விட்டம் 100 மி.மீ., ராடு 50 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டனின் முழுப் பரப்பு சுமார் 78.5 சதுர செ.மீ.; ராடின் குறுக்குப் பரப்பு 19.6 சதுர செ.மீ. பாரம் ராடை உள்ளே தள்ளுகிறது, அளவு 3 டன் என்றால், சீல் நன்றாக இருக்கும்போது அடிப்பக்க அழுத்தம் சதுர செ.மீ.க்கு 38 கிலோ. சீல் முற்றிலும் போய்விட்டால் எண்ணெய் இரு பக்கமும் கலக்கும். ஆனால் ராடு உள்ளே நுழைய அதன் கன அளவுக்கு இடம் வேண்டும். அந்த இடம் அங்கே இல்லை. அழுத்தம் 153 கிலோ வரை ஏறி, பாரம் அங்கேயே நிற்கும். ஆகவே இந்த அமைப்பில் இரண்டாம் தரப்பு சொல்வது சரி. ஒரு திருத்தம் மட்டும் தேவை. அழுத்தம் நான்கு மடங்கானதால் வால்விலும் ராடு சீலிலும் கசிவு கூடும். பிஸ்டன் சீலுக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது.

கிரேடரின் பிளேடு தூக்கும் சிலிண்டரோ தலைகீழான நிலையில் இருக்கிறது. சிலிண்டர் மேலே சட்டத்தில் தொங்க, ராடு கீழ்நோக்கி, பிளேடைத் தாங்கும் டிராபாரைப் பிடித்திருக்கிறது. பிளேடின் எடை ராடை வெளியே இழுக்கிறது. பாரத்தைத் தாங்குவது ராடு பக்கத்து எண்ணெய். சீல் போனால் அந்த எண்ணெய் மேற்பக்கத்துக்குக் கடந்துவிடும். ராடு வெளியேறுவதால் உள்ளே இடமும் கூடும். அந்த இடத்தில் வெற்றிடம் உண்டாகும். வெற்றிடம் எதிர்க்கும் விசை இந்த அளவில் இருபது கிலோ அளவே. டன் கணக்கில் எடையுள்ள பிளேடு அமைப்புக்கு அது பொருட்டே இல்லை. எனவே கிரேடரில் முதல் தரப்பின் சந்தேகமும் நியாயமானது. லோடர் போன்ற வேறு வண்டியில் கற்ற விதியை அப்படியே கிரேடருக்குப் பொருத்தும்போதுதான் தவறு நேர்கிறது.

வாதத்தை முடிக்கச் சோதனைகள் உண்டு. பிளேடை உயர்த்தி, அடியில் உறுதியான கட்டைகள் கொடுத்து, அழுத்தத்தை வடித்துவிட்டு, சிலிண்டரின் இரு போர்ட்டையும் அடைத்து, கட்டையைச் சிறிதே தாழ்த்திப் பார்ப்பது ஒரு வழி. இன்னும் இறங்கினால் குறை சிலிண்டரில்; நின்றால் லாக் வால்விலோ ஸ்பூலிலோ. ராடை முழுதாக உள்ளே இழுத்து, மேற்பக்க ஹோஸைக் கழற்றி அதன் வாயை அடைத்து, ராடு பக்கம் அழுத்தம் கொடுத்து, திறந்த போர்ட்டில் எண்ணெய் தொடர்ந்து வருகிறதா என்று பார்ப்பது இன்னொரு வழி. இரண்டாவது எளிது. ஆனால் பிஸ்டன் ஓட்டத்தின் கோடியில் இருக்கும்போது மட்டுமே அது சோதிக்கிறது. பேரல் நடுவில் புடைத்திருந்தாலோ கீறியிருந்தாலோ இந்தச் சோதனையில் தப்பிவிடும். எண்ணெய் சூடாக இருக்கும்போது அளப்பதும் முக்கியம். குளிர்ந்த, தடித்த எண்ணெய் கசிவை மறைத்துவிடும்.

வேறொரு குழப்பத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பிளேடு இறங்குவது வேறு, ஆடுவது வேறு. ஓடும்போது பிளேடு துள்ளி, ரோட்டில் அலை அலையாகப் பதிந்தால் பழி சிலிண்டர் மேல் விழுகிறது. ராடு முனையின் பந்து மூட்டுத் தேய்மானம், அதற்குள் இருக்கும் ஷிம் தகடுகளின் குறைவு, பிளேடைத் திருப்பும் வளையமான சர்க்கிளைத் தாங்கும் ஷூக்களின் இடைவெளி ஆகியவையே பெரும்பாலும் இதற்குக் காரணம். புதிய சீல் போட்ட பிறகும் ஆட்டம் நிற்கவில்லை என்ற முறையீடு பெரும்பாலும் இங்கிருந்து கிளம்புகிறது.

சீல் தேய்கிறதா, தேய்க்கப்படுகிறதா?

ராடு வழியே வெளியே எண்ணெய் வடிந்தால் குறை எங்கே என்பதில் ஐயமில்லை; காரணம் எது என்பதில்தான் ஐயம். சீலுக்கும் ஆயுள் உண்டு, முடிந்தால் மாற்றிவிடுவோம் என்பது பழைய நிலைப்பாடு. சீல் தானாகப் போவது குறைவு, வேறு ஏதோ ஒன்று அதைக் கெடுக்கிறது, அதைக் கண்டுபிடிக்காமல் புதிய சீல் போட்டால் அதுவும் விரைவில் போகும் என்பது பிற்காலத்து நிலைப்பாடு.

பின்னதற்கு ஆதாரங்கள் வலுவானவை. முதலாவது, ராடின் மேற்பரப்பு. நல்ல குரோம் ராடின் சொரசொரப்பு பொதுவாக 0.1 முதல் 0.4 மைக்ரான் என்ற அளவில் வைக்கப்படுகிறது. பிளேடைப் பக்கவாட்டில் நகர்த்தும் சிலிண்டர், தள்ளப்படும் ஜல்லிக்கும் மண்ணுக்கும் மிக அருகில் இருக்கிறது. ஒரு கல் பட்டு விழும் சிறு பள்ளத்தின் விளிம்பு, ராடு உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் சீலின் உதட்டை அறுக்கும். நகத்தை ராடின் நீளவாக்கில் இழுத்தால் தட்டுப்படும் எந்தக் காயமும் சீலுக்கு ஆகாது.

இரண்டாவது, தூசி. மனிதக் கண்ணுக்குத் தெரியும் மிகச் சிறிய துகள் 40 மைக்ரான் அளவில் இருக்கும். சிலிண்டரையும் வால்வையும் அரிப்பவை அதைவிட மிகச் சிறியவை. ஐஎஸ்ஓ 4406 என்ற தரமுறை, ஒரு மில்லி லிட்டர் எண்ணெயில் 4, 6, 14 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களை எண்ணிக் குறியீடு தருகிறது. 18/16/13 என்று குறித்தால், 4 மைக்ரானுக்கு மேற்பட்டவை 1,300 முதல் 2,500 வரை இருக்கின்றன என்று பொருள். பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும் எண்ணெய் இந்த அளவைப் பல மடங்கு தாண்டியிருக்கலாம். வைப்பர் சீல் விலை குறைந்தது, அழுத்தம் தாங்காதது என்பதால் பலரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. தூசியில் உழலும் கிரேடருக்கு முதல் காவல் அதுதான்.

மூன்றாவது, பக்கச் சுமை. முனைகளின் பின், புஷ், பந்து மூட்டு ஆகியவை தேய்ந்தாலோ கிரீஸ் இல்லாமல் இறுகினாலோ ராடு நேராக ஓடாது. கிளாண்டின் உள்ளே உள்ள வழிகாட்டி வளையம் ஒரு பக்கமாகத் தேய்ந்து, சீலும் ஒரு பக்கமாக நசுங்கும். கழற்றிய சீலைத் துடைத்து எறிந்துவிடாமல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் இது தெரியும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சாய்வு. நீளவாட்டில் வெட்டு இருந்தால் ராடில் காயம். அடிப்பகுதி பிதுங்கி மெலிந்த நாக்குபோல் நீண்டிருந்தால் இடைவெளி மிகை. உதடு கருகி உடைந்திருந்தால் சூடு அல்லது உள்ளே சிக்கிய காற்று. பொடிப்பொடியாக உதிர்ந்தால் எண்ணெயில் நீரும் சூடும் சேர்ந்து பாலியூரித்தேனைச் சிதைத்திருக்கக்கூடும்.

எனினும் இந்த நிலைப்பாட்டையும் மிகைப்படுத்தக் கூடாது. ரப்பருக்கு வயதாவது உண்மை. ஆண்டுக்கணக்கில் வெயிலில் நின்ற வண்டியின் நைட்ரைல் சீல், ராடு குறையின்றி இருந்தும் விறைத்துக் கசியும். அங்கே காரணம் தேடி நாட்களைச் செலவிடுவது வீண். சீல் மாற்றினால் போதும்.

எப்போது கை வைப்பது?

இதில் மூன்று தரப்புகள். ஓடும் வரை ஓடட்டும் என்பது ஒன்று. ஒரு சிலிண்டரைக் கழற்றினால் வேலை நிற்கும். எண்ணெய் ஊற்றுவது அதைவிட மலிவு என்பது இதன் கணக்கு. ஆனால் நொடிக்கு ஒரு சொட்டு, இருபது சொட்டுக்கு ஒரு மில்லி என்று வைத்தாலும் 8 மணி நேர வேலையில் சுமார் 1.4 லிட்டர் போகிறது. அந்த எண்ணெய் மண்ணில்தான் இறங்குகிறது. எண்ணெய் வெளியே வரும் வழியே தூசி உள்ளே போகும் வழியும் ஆகிறது. பம்ப், வால்வு என்று சேதம் பரவினால் மிச்சப்படுத்தியது கைவிட்டுப் போகும். அதே நேரம், ராடில் லேசான எண்ணெய்ப் படலம் தென்படுவதைக் கசிவு என்று எண்ணிவிடக் கூடாது. அந்தப் படலம் இல்லாவிட்டால் சீல் காய்ந்து சூடாகும்.

குறித்த மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பிரித்துச் சீல் மாற்றுவது இரண்டாம் தரப்பு. பெரிய நிறுவனங்களின் ஒழுங்குமுறையில் பிறந்த இந்த வழக்கத்துக்கு முதல் அடி இரண்டாம் உலகப் போரின்போது விழுந்தது. பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவில் ஆய்வு செய்த வாடிங்டனும் குழுவினரும், திட்டமிட்ட பரிசோதனை முடிந்த உடனேதான் விமானங்களில் பழுதுகள் கூடுகின்றன, பிறகு படிப்படியாகக் குறைகின்றன என்று கண்டார்கள். 1978-இல் நௌலான், ஹீப் இருவரும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக எழுதிய அறிக்கை, ஆராய்ந்த விமான உறுப்புகளில் 11 விழுக்காட்டுக்கு மட்டுமே வயது வரம்பு வைப்பதால் பயன் இருக்கலாம் என்றது. நன்றாக ஓடும் சிலிண்டரைப் பிரிப்பது புதிய பழுதுக்கு வழி திறக்கலாம் என்ற எச்சரிக்கை இங்கிருந்து பெறப்படுகிறது. தவறாகத் திருப்பிப் போட்ட சீல், உள்ளே விழுந்த ஒரு துரும்பு, சரியான முறுக்கில் இறுக்காத பிஸ்டன் நட்டு ஆகிய மூன்றுமே அனுபவத்தில் காணப்படுபவை.

ஆனால் விமான உறுப்புகளின் முடிவை ஹைட்ராலிக் சிலிண்டருக்கு நேரடியாக மாற்ற முடியாது. ஒரே விதமாகத் தேயும் எளிய பாகங்களுக்கு வயதுத் தேய்மானம் உண்டு என்பதை அந்த அறிக்கையும் ஏற்கிறது. சீல் அத்தகைய பாகமே.

நிலையைப் பார்த்து முடிவு செய்வது மூன்றாம் தரப்பு. பிளேடு பத்து நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறது, ராடில் படலமா சொட்டா, எண்ணெய்ச் சோதனையில் துகள் எவ்வளவு, பின்னில் ஆட்டம் எவ்வளவு என்று அவ்வப்போது அளந்து, மாற்றம் தெரியும்போது கை வைப்பது. கருத்தளவில் இதுவே வலுவானது. யாராவது தவறாமல் அளந்து எழுதிவைக்க வேண்டும் என்பது இதன் நிபந்தனை. ஆபரேட்டர் அடிக்கடி மாறும் வண்டிகளில் அந்த நிபந்தனைதான் முதலில் உடைகிறது.

ராடு: மீண்டும் குரோமா, புதிய ராடா, மாற்று வழியா?

காயம்பட்ட ராடுக்கு நெடுங்காலமாக இருந்த விடை, பழைய குரோமை நீக்கி, அரைத்து, மறுபடி கடின குரோம் முலாம் பூசி, மெருகிடுவது. முறையாகச் செய்தால் நன்றாக உழைக்கும். ஆனால் குரோமில் இயல்பாகவே நுண்விரிசல்கள் உண்டு. அடியில் உள்ள எஃகு துருப்பிடித்தால் முலாம் கொப்பளித்து உரியும். மழையில் ராடு நீட்டியபடி மாதக்கணக்கில் நிற்கும் கிரேடரில் இதைக் காணலாம்.

குரோம் பூசிய எஃகுத் தண்டு நீள அளவில் கிடைக்கத் தொடங்கியதும் இரண்டாம் வழி பிறந்தது. தேவையான நீளத்துக்கு அறுத்து, லேத்தில் பிஸ்டன் முனையைக் கடைந்து, பழைய கண்ணை வெல்டிங் செய்துவிடலாம். விரைவானது, பல நேரங்களில் மலிவானது. இதன் பலவீனம் வெல்டிங்கில்தான். நடுத்தரக் கரிம எஃகை முன்சூடு இல்லாமல் பற்றவைத்தால் விரிசலுக்கு இடமுண்டு. அந்த இணைப்பு அறுந்தால் பிளேடு விழும். ஸ்டீயரிங் சிலிண்டர் என்றால் வண்டியே கட்டுப்பாட்டை இழக்கும்.

மூன்றாம் வழிக்குத் தூண்டுகோல் சுகாதாரம். முலாம் தொட்டியில் பயன்படும் ஆறிணைதிறன் குரோமியம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பது பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் வகைப்பாடு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் 21-க்குப் பிறகு தனி அனுமதி இல்லாமல் குரோமியம் டிரையாக்சைடைப் பயன்படுத்த முடியாது. கலிஃபோர்னியா மாநிலம் 2039-க்குள் கடின குரோம் முலாமில் அதைக் கைவிட 2023-இல் விதி வகுத்தது. தமிழ்நாட்டுக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று விட்டுச்சென்ற, லட்சம் டன்னைத் தாண்டும் கழிவு நிலத்தடி நீரில் என்ன செய்தது என்பதை அங்குள்ள மக்கள் அறிவார்கள். அது முலாம் பட்டறை அல்ல. ஆனால் நச்சு அதே வகை. அதிவேகச் சுவாலைத் தெளிப்பு, லேசர் படிவு ஆகிய முறைகள் மாற்றாகப் பேசப்படுகின்றன. தேய்மானத்திலும் துரு எதிர்ப்பிலும் இவை குரோமுக்கு ஈடுகொடுப்பதாக, சில இடங்களில் விஞ்சுவதாகவும், கருதப்படுகிறது. கருவிகளின் விலையும், மிகக் கடினமான பூச்சை மெருகிடும் சிரமமும் இவற்றைச் சிறு பட்டறைக்கு எட்டாமல் வைத்திருக்கின்றன.

பேரலைப் பொறுத்தவரை தெரிவுகள் குறைவு. மேலோட்டமான கீறலை ஹோனிங் சரிசெய்யும். ஆனால் உள்விட்டம் கூடக் கூடப் பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடைவெளி அகன்று, சீல் அதில் பிதுங்கும். தயாரிப்பாளர் குறித்த எல்லையைத் தாண்டினால் புதிய ஹோன் செய்த குழாய் போடுவதே வழி.

கம்பெனி கிட்டா, வெளிக் கிட்டா?

தயாரிப்பாளரின் சீல் கிட்தான் சரி என்போருக்கு வலுவான காரணம் உண்டு: பள்ளத்தின் அளவுக்கும் அழுத்தத்துக்கும் சேர்த்து வடிவமைத்தது அது. பழைய வண்டிக்கு அது எப்போதும் கிடைப்பதில்லை என்பதே நடைமுறைச் சிக்கல். இந்த இடைவெளியை நிரப்பியவை, பாலியூரித்தேன் உருளையிலிருந்து கணினி லேத்தில் அப்போதைக்கப்போதே சீல் கடைந்து தரும் பட்டறைகள். திருச்செங்கோடு வட்டாரத்தில் போர்வெல் ரிக் தொழில் வளர்ந்ததோடு ஹைட்ராலிக் பழுதுபார்க்கும் திறனும் சேர்ந்தே வளர்ந்தது. அத்தகைய இடங்களில் பழைய கிரேடருக்கும் வழி கிடைக்கிறது.

வெளிக் கிட்டில் எச்சரிக்கை தேவைப்படும் இடங்கள் மூன்று. முதலில், அளவு முறை. அமெரிக்கப் பழைய கிரேடர்கள் அங்குலக் கணக்கில் செய்யப்பட்டவை. 2 அங்குல ராடு 50.8 மி.மீ.; அதில் 50 மி.மீ. சீலை இழுத்துப் போட முடியும், அது மிகை இறுக்கத்தில் சூடாகிச் சீக்கிரம் போகும். 3 அங்குலம் 76.2 மி.மீ.; 75 அதற்கு ஈடல்ல. ஸ்கேலில் அளந்து வாங்குவதால் வரும் தவறு இது. மைக்ரோமீட்டரில் அளந்தால் வராது. இரண்டாவது, பொருள். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் சீல்கள் சூட்டையும் நீரையும் தாங்குவதில் வேறுபடும். மூன்றாவது, வயது. ஐஎஸ்ஓ 2230 என்ற சேமிப்புத் தரமுறை பாலியூரித்தேனுக்கு 5 ஆண்டும் நைட்ரைலுக்கு 7 ஆண்டும் தொடக்கக் காலமாகத் தருகிறது. பரிசோதித்த பின் முறையே 2, 3 ஆண்டுகள் நீட்டிக்கலாம். கடை அலமாரியில் தேதியே இல்லாமல் கிடக்கும் கிட், கம்பெனிப் பெயர் போட்டிருந்தாலும் ஐயத்துக்குரியதே.

எல்லாத் தரப்பும் உடன்படும் இடம்

பாதுகாப்பில் கருத்து வேறுபாடு இல்லை. பிளேடைத் தரையிலோ கட்டையிலோ அமர்த்தி, எஞ்சினை நிறுத்தி, லீவர்களை இருபுறமும் அசைத்து அழுத்தத்தை வடித்த பிறகே ஹோஸில் கை வைக்க வேண்டும். ஊசித்துளைக் கசிவைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. அட்டையால் பார்க்க வேண்டும். அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஒரு புள்ளி அளவே தெரிந்தாலும் அது உடனே அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம். இறுகிய கிளாண்டைச் சூடாக்கும்போது போர்ட்டுகள் திறந்திருக்க வேண்டும்; அடைபட்ட சிலிண்டர் வெடிக்கும். பிஸ்டனைக் காற்றழுத்தத்தால் வெளியே தள்ளுவது உயிருக்கு ஆபத்து. சிலிண்டர் அருகே வெல்டிங் செய்யும்போது எர்த் கிளிப்பை வேலை செய்யும் பாகத்திலேயே மாட்டி, ராடை மூடிவைக்க வேண்டும். மின்சாரம் ராடு வழியே போனால் குரோமில் எரிபுள்ளிகள் விழும். மறுபடி பூட்டிய பின் சுமையில்லாமல் மெதுவாகப் பலமுறை நீட்டி மடக்கிக் காற்றை வெளியேற்றிய பிறகே வேலையில் இறக்க வேண்டும்.

இன்னும் திறந்திருப்பவை

மாற்றுப் பூச்சுகள், தூசியும் கல்லடியும் நிறைந்த கிரேடர் வேலையில் குரோமோடு ஒப்பிட எவ்வளவு காலம் தாங்கும் என்பது இன்னும் பரந்த அனுபவத்தால் உறுதிப்பட வேண்டியது. கடைந்த சீலும் வார்த்த சீலும் ஒரே சூழலில் எப்படி நிற்கின்றன என்பதும் அப்படியே. நாற்பது ஆண்டு வண்டியில் எத்தனை சிலிண்டருக்குச் செலவு செய்த பிறகு வண்டியையே விட்டுவிடலாம் என்ற பொருளாதாரக் கேள்விக்குப் பொது விடை கிடைப்பது அரிது. வேலையின் அளவு, மாற்று வண்டியின் விலை, உதிரிபாகக் கிடைப்பு ஆகியவை இடத்துக்கு இடம் மாறுகின்றன. இந்தக் கேள்விகள் நீடிக்கப் பெரிய காரணம், பழுதுபார்க்கும் சிறு பட்டறைகளின் அறிவு கைகளில் இருக்கிறது, ஏட்டில் இல்லை என்பது.

மதிப்பீடு

இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கும்போது சில முடிவுகளை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். பழைய கிரேடரின் சிலிண்டர் பெரும்பாலும் மீட்கக்கூடியது. தடித்த பேரலும் ராடும் வண்டியின் ஆயுளுக்குத் தாங்கக்கூடியவை. பழுது திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் பெரும்பாலும் சீலின் தரமல்ல. காரணத்தை அளக்காமல் சீலை மட்டும் மாற்றியதே. பிளேடு இறங்கினால் முதலில் பாரத்தின் திசை, பிறகு போர்ட்டுகளை அடைத்து வால்வைத் தனிப்படுத்தும் சோதனை. எண்ணெய் வடிந்தால் முதலில் ராடு, மூட்டு, எண்ணெயின் தூய்மை, பிறகு சீல் என்ற வரிசை எல்லாத் தரப்பின் நல்ல பகுதிகளோடும் ஒத்துப்போகிறது. நன்றாக ஓடும் சிலிண்டரைக் கால அட்டவணைக்காகப் பிரிப்பதற்கு ஆதாரம் குறைவு. சொட்டும் சிலிண்டரை எண்ணெய் ஊற்றி ஓட்டுவதற்கு அதைவிடக் குறைவு.

கிரேடர் வைத்திருப்போருக்கும் பழுதுபார்ப்போருக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு சிலிண்டரும் கழற்றப்படும்போது தேதி, ஓடிய மணி நேரம், ராடின் அளவு, சீலின் பொருள், கழற்றிய சீல் இருந்த நிலை ஆகிய ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். மேலே திறந்து நிற்கும் கேள்விகளில் பாதிக்கு விடை அந்த நோட்டுகளிலிருந்துதான் வர வேண்டும்.